உயர்ந்த ஜீப்பும் ஏறாத சண்டியும்

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் கொட்டாவி விடாத ஆளே கிடையாது.

அம்மா ஒன்று விட்டால் மாமா ஒன்று விடுவார். அதைப் பார்த்து நான் ஒன்று விடுவேன். ஒருநாள் வகுப்பில் நான் விட்ட கொட்டாவியைப் பார்த்து எங்கள் கணக்கு டீச்சரும் ஒன்று விட்டார். ஆனால் எழுந்து நிற்கச் சொன்னது என்னை மட்டும்தான். இது என்ன நியாயமோ!

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் வாசலில் நின்ற வண்டி. விற்றவர் அதை எஸ்.யூ.வி. என்றார். எங்கள் தெருவில் எல்லோரும் ஜீப் என்றார்கள். எனக்கு வயது பதினொன்று, ஜீப்புக்குப் பதினான்கு. மூத்தது என்ற மிதப்பிலோ என்னவோ, நான் சொன்னால் அது கேட்கவே கேட்காது. அதன் கதவை மூன்று தடவை அறைந்தால்தான் மூடும்.

அம்மா விலங்கு மருத்துவமனைக்கு வண்டி ஓட்டுகிறாள். நடக்க முடியாத ஆடு, மாடு, குதிரை எங்கே இருந்தாலும் போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பழைய வேன் தார் ரோடு முடியும் இடத்தில் தானும் முடிந்துவிடும். இரண்டு தடவை ஆற்று மணலில் புதைந்து, ட்ராக்டர் வந்து இழுத்தது. அதனால்தான் இந்த ஜீப்.

“கல்லு, மணலு, சேறு, எதுலயும் நிக்கக் கூடாது. பின்னாடி ட்ரெய்லர்ல ஒரு மாட்டை ஏத்தினாலும் இழுக்கணும். உன்னால முடியுமாடா?” என்று அம்மா தன் தம்பியிடம் கேட்டாள். அந்தத் தம்பிதான் என் மாமா. பஸ் டெப்போவில் மெக்கானிக்.

“என்னக்கா இப்படிக் கேட்டுட்ட? மலை மேலயே ஏற வைக்கிறேன் பாரு!” என்றார் மாமா.

அந்த ஒரு வார்த்தையோடு எங்கள் நிம்மதி போனது.

மாமா பகல் முழுவதும் டெப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருப்பார். சாயங்காலம் வந்து ஜீப்புக்கு அடியில் படுப்பார். “எனக்குப் படுக்கைன்னா அது வண்டிக்கு அடியிலதான்னு தலையில எழுதிட்டான்,” என்று புலம்புவார். அம்மா வேலை முடிந்து வந்த கையோடு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். நான் டார்ச் பிடிப்பேன். டார்ச் பிடிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் பிடித்துப் பார்க்கட்டும். கொஞ்சம் கண்ணை மூடினால் போதும், “சில்வண்டு! வெளிச்சம் எங்கயோ போகுது!” என்று அடியிலிருந்து குரல் வரும். சில்வண்டு என்பது நான்தான். ஓயாமல் பேசுவேனாம்.

இன்னொரு பொறுப்பும் எனக்கு உண்டு. செய்ய வேண்டிய வேலைகளை மாமா சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினேன். மொத்தம் இருபத்திரண்டு. ஒவ்வொன்று முடிந்ததும் நான்தான் டிக் போட வேண்டும்.

முதல் நாள், ட்ரெய்லரை மாட்டும் இரும்புக் கையை ஜீப்பின் பின்னால் பொருத்தினார்கள். அந்தக் கையின் நுனியில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஓர் இரும்புக் குண்டு இருக்கும். ட்ரெய்லரின் மூக்கு அந்தக் குண்டின் மேல் தொப்பி போல் உட்காரும். டிக்.

அடுத்து ஸ்பிரிங். பழையதைக் கழற்றி, நீளமான கெட்டி ஸ்பிரிங் போட்டார்கள். ஜீப் எம்பி நின்றது. டிக். அடுத்து நான்கு பெரிய டயர்கள். கல் மேல் ஏற வேண்டுமே! ஜீப் இன்னும் எம்பியது. டிக். தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சு விடுவதற்குக் கூரை வரைக்கும் ஒரு காற்றுக் குழாய். டிக். முன்னால் ஒரு வின்ச். அது இரும்புக் கயிறு சுற்றிய மோட்டார். சேற்றில் மாட்டிக்கொண்டால் கயிற்றை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும். மாமாவுக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம். தினமும் துடைப்பார்.

இருபத்திரண்டும் முடிந்த அன்று அம்மா ஓட்டிப் பார்க்க வந்தாள். கதவைத் திறந்தாள். காலைத் தூக்கினாள். கால் எட்டவில்லை.

“ஏன்டா, ஓட்டப் போறது நானா, இல்ல ஒட்டகச்சிவிங்கியா?” என்றாள்.

இருபத்து மூன்றாவது வேலை: ஏறுவதற்குப் படி. அதற்கும் இரண்டு சாயங்காலம் போயிற்று.

டிக்.

படி வைத்து முடித்த மறுநாளே மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டு நிலத்தில், ஒரு செங்கல் சூளை. அங்கே செங்கல் சுமக்கும் கழுதைக்குப் பின்னங்கால் குளம்புக்குள் சீழ் பிடித்துவிட்டது. நடக்க முடியவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, குளம்பைக் கீறிச் சீழை எடுக்க வேண்டும். படம் எடுக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்க முடியாது.

டாக்டர் அம்மா போனில் பேசியது எனக்கும் கேட்டது. “நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள கொண்டு வந்துடுங்க. அதுக்கு மேல நான் ஊர்ல இருக்க மாட்டேன், திங்கள்கிழமைதான் வருவேன். அதுவரைக்கும் தாங்காது. சீழ் எலும்புக்குப் போயிட்டா அப்புறம் அந்தக் காலைக் காப்பாத்த முடியாது.”

கால் போனால் கழுதை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார், ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். என்னைத் தனியாக விட முடியாது என்று அம்மா கூட்டிக்கொண்டாள். உண்மையில் நான் வராவிட்டால் அவர்கள் இருவரும் வழியிலேயே தூங்கிவிடுவார்கள். வழி நெடுக நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்.

ஜீப்பைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. தார் ரோடு முடிந்ததும் உறுமிக்கொண்டு இறங்கியது. ஆற்றில் தண்ணீர் கதவின் அடி வரைக்கும் வந்தது. நான் காலைத் தூக்கி சீட் மேல் வைத்துக்கொண்டேன். எஞ்சின் நிற்கவே இல்லை. பானை அளவுக்குக் கிடந்த கற்கள் மேல் ஏறி இறங்கியது. மாமாவுக்கு ஒரே ஒரு வருத்தம்தான்.

“எங்கயாவது சேத்துல மாட்டும், வின்ச்சைப் போட்டுப் பாக்கலாம்னு நினைச்சேன். மாட்டவே இல்லையே!”

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. ஆமா, ட்ரெய்லர் ஏன்டா வாலாட்டிக்கிட்டே வருது?” என்று கேட்டாள் அம்மா.

“புது டயர்க்கா. பழகிடும்.”

எட்டு மணிக்குச் சூளைக்குப் போய்விட்டோம். கழுதையை வளர்க்கும் செங்கல்காரர் வாசலிலேயே நின்றார். வெள்ளைத் தாடி, கண் இரண்டும் சிவந்து கிடந்தன. நான்கு இரவாகக் கழுதைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். கொட்டாவி விடுகிற ஆள் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

“வாங்கம்மா, வாங்க. இதான் சண்டி,” என்றார்.

சாம்பல் நிறக் கழுதை. நீளமான காதுகள். இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல், நுனி மட்டும் படும்படி நின்றது.

“சண்டியா? பேரே பயமா இருக்கே!” என்றார் மாமா.

“குட்டியா இருக்கும்போது ஒருநாள் ரோட்டுக்கு நடுவுல உக்காந்துடுச்சு. அப்ப வச்ச பேரு. பதினோரு வருஷமா எங்கூட இருக்கு. அது சண்டித்தனம் பண்ணி நான் பாத்ததே இல்ல. ‘வா’ன்னா வரும், ‘நில்லு’ன்னா நிக்கும்.”

ஏற்றுவது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆறு வற்றும்போது வருகிற லாரியில் செங்கல் ஏற்றுவதற்காக அங்கே ஒரு பள்ளத்தின் ஓரமாக, சூளைத் தரைக்குச் சமமாகச் செங்கல்லால் ஒரு மேடை கட்டியிருந்தார்கள். அம்மா ட்ரெய்லரை அந்த மேடையை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தினாள். சண்டி எங்கேயும் ஏற வேண்டாம். மேடையிலிருந்து அப்படியே நடந்து ட்ரெய்லருக்குள் போனால் போதும்.

“வா,” என்றார் செங்கல்காரர்.

சண்டி வந்தது. முன்னங்கால் இரண்டையும் ட்ரெய்லருக்குள் வைத்தது. அப்புறம் நின்றது. காதைப் பின்னால் மடித்தது. சரசரவென்று பின்வாங்கி மேடைக்கே போய்விட்டது.

“வாம்மா,” என்றார் மறுபடியும். மறுபடியும் முன்னங்கால் இரண்டும் உள்ளே வந்தன. மறுபடியும் பின்வாங்கியது.

அதற்கப்புறம் நடந்ததை எல்லாம் சொன்னால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. கேரட் காட்டினோம். சண்டி கழுத்தை நீட்டிக் கேரட்டை மட்டும் வாங்கிக்கொண்டது. துண்டால் கண்ணைக் கட்டிப் பார்த்தோம். அம்மா முன்னாலிருந்து கயிற்றைப் பிடித்துக் கெஞ்சினாள். மாமா பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார். சண்டி வாலைத் தூக்கியது. மாமாவின் புது ஷூவுக்கு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை.

“சிரிக்காத சில்வண்டு,” என்றார் மாமா.

“நான் சிரிக்கல மாமா, கொட்டாவி விட்டேன்.”

ஒன்பதரை ஆயிற்று. பத்தாயிற்று. வெயில் ஏறிவிட்டது. திரும்பிப் போக இரண்டு மணி நேரம் வேண்டும். பதினொன்றே முக்காலுக்காவது கிளம்பாவிட்டால் டாக்டரைப் பிடிக்க முடியாது.

“ஏறக்கூட வேண்டாம், நடந்தாப் போதும்கிறோம். அதுக்கும் அடமா? கழுதைன்னா கழுதைதான்,” என்று மாமா நெற்றியைத் துடைத்தார். பிறகு அவருடைய கண் மெல்ல ஜீப்பின் முன்பக்கம் போனது. “அக்கா, கோவிச்சுக்காத. வின்ச் கயிறை அப்படியே சுத்திக் கொண்டு வந்து...”

“வாயை மூடு!” அம்மா போட்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. “அது என்ன, உடைஞ்ச லாரியா?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். “தெரியாமச் சொல்லிட்டேன். மூளையே வேலை செய்யலக்கா,” என்றார். பாவமாக இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. செங்கல்காரர் ஒரு குச்சியை எடுத்தார். “போயேன்! உனக்காகத்தானே சொல்றோம், போயேன்!” என்று கத்திக்கொண்டே சண்டியின் தொடையில் ஓர் அடி வைத்தார்.

பெரிய அடி இல்லை. ஆனால் சண்டி திரும்பி அவரைப் பார்த்தது. அவ்வளவுதான். அவர் குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“பதினோரு வருஷத்துல ஒருநாளும் கை ஓங்கினதில்லையே,” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமா ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். நானும் மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் முகத்துக்கு நேராகச் சண்டியின் கால்கள் இருந்தன.

சண்டி தானாகவே மறுபடியும் ட்ரெய்லருக்குப் போனது!

யாரும் கூப்பிடவில்லை, யாரும் இழுக்கவில்லை. உள்ளே ஒரு கேரட் துண்டு கிடந்தது, அதற்காக. முன்னங்கால் ஒன்று உள்ளே, அடுத்ததும் உள்ளே. இன்னும் ஓர் அடி. அப்போது அந்த இடது பின்னங்கால் வெடவெடவென்று நடுங்குவதை நான் பார்த்தேன். உடனே பின்வாங்கி மேடைக்கு வந்தது. மேடையில் நின்றதும் நடுக்கம் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை போனது. அதே இடம். அதே நடுக்கம்.

‘இதற்குப் போகத்தான் ஆசை. ஏதோ வலிக்கிறது,’ என்று நினைத்தேன்.

எழுந்து ட்ரெய்லருக்குள் போனேன். நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நான் கழுதை இல்லையே! அதனால் கையையும் முட்டியையும் ஊன்றி, கழுதை மாதிரி நின்றேன்.

“சில்வண்டுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு,” என்று மாமா சொன்னது கேட்டது.

என் கைகள் இரண்டும் மேலே இருந்தன. முட்டிகள் கீழே இருந்தன. உடம்பின் பாரம் முழுவதும் பின்னால் சரிந்து முட்டியில் இறங்கியது. இடது முட்டியை லேசாகத் தூக்கினேன். அவ்வளவு பாரமும் வலது முட்டிக்கு வந்தது. தாங்க முடியாமல் இடது முட்டியைத் தொப்பென்று வைத்தேன். நல்ல முட்டிக்கே வலித்தது. சீழ் பிடித்த காலாக இருந்தால்?

“அம்மா! இது மேடு!”

“எது பாப்பா?” அம்மாவின் குரலில் உயிரே இல்லை.

“ட்ரெய்லர்! உள்ள மேடா இருக்கு. முன்னாடி தூக்கிக்கிட்டு இருக்கு. நின்னா பின்னங்கால்லதான் பாரம் இறங்குது.”

“சும்மா இரும்மா. எனக்கு ஏற்கெனவே தலை சுத்துது.”

சொன்னால் நம்ப மாட்டார்கள். என் தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்க வைத்துக் கையை எடுத்தேன். அது கடகடவென்று பின்பக்கம் உருண்டு, மேடையின் விளிம்பில் ‘டங்’ என்று முட்டியது. அம்மா திரும்பிப் பார்த்தாள். பாட்டிலை எடுத்து மறுபடியும் முன்னால் வைத்தேன். மறுபடியும் ‘டங்’.

அம்மா எழுந்தாள். மேடையிலிருந்து இறங்கி இருபது அடி தள்ளிப் போய், பக்கவாட்டில் நின்று வண்டியைப் பார்த்தாள். மாமாவும் ஓடிப் போய்ப் பக்கத்தில் நின்றார். மூன்று வாரமாக ஜீப்பை மட்டுமே பார்த்தவர்கள் முதல் தடவையாக ட்ரெய்லரைப் பார்த்தார்கள்.

ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

“அட கடவுளே! ஜீப்பை அரை ஜாண் உயர்த்தினோமே, கூடவே குண்டும் அரை ஜாண் உயர்ந்துடுச்சு. ட்ரெய்லர் மூக்கையும் தூக்கிடுச்சு!” மாமா தலையில் அடித்துக்கொண்டார். “அதான் வழியெல்லாம் வாலாட்டிச்சா!”

“இத்தனை பேர் பாத்தோம். யார் கண்ணுக்கும் படலையே!” என்றாள் அம்மா.

“இரும்புக் கை முதல் நாளே மாட்டினதுக்கா. அப்ப சரியாத்தான் இருந்துச்சு. டிக் போட்டாச்சு. டிக் போட்டதை யார் திரும்பிப் பாக்கிறா?”

எனக்கு முகம் சுண்டிப் போனது. அந்த டிக் நான் போட்டது.

“இப்ப என்ன பண்றது?” என்று கேட்டாள் அம்மா.

“இரும்புக் கை இன்னும் தாழ்வா வேணும். கடையிலதான் வாங்கணும். கடை...” மாமா ஆற்றின் பக்கம் கையைக் காட்டிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “அவ்வளவுதான்க்கா. நம்மளால ஆனது இவ்வளவுதான்.”

செங்கல்காரர் துண்டை எடுத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் அந்த இரும்புக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நேராக இருக்காது. படிக்கட்டு மாதிரி நடுவில் ஒரு மடிப்பு உண்டு. உள்ளே செருகியிருக்கும் பாகம் கீழே, குண்டு இருக்கும் பாகம் கால் ஜாண் மேலே. அதை மாட்டியபோது டார்ச் பிடித்தது நான் அல்லவா? அன்றைக்கு மாமா முதலில் தப்பாக மாட்டி, தன்னைத் தானே திட்டிக்கொண்டதும் ஞாபகத்துக்கு வந்தது.

“மாமா! அன்னைக்கு முதல்ல இதைத் தலைகீழா மாட்டிட்டீங்களே, ஞாபகம் இருக்கா? ‘ஐயையோ, குண்டு கீழ போயிடுச்சே’ன்னு கழட்டித் திருப்பி மாட்டினீங்க!”

“ஆமா, தூக்கக் கலக்கத்துல. அதுக்கு என்ன இப்ப?”

“இப்பவும் தூக்கக் கலக்கத்துலதானே இருக்கீங்க? அதே தப்பை மறுபடியும் பண்ணுங்க!”

மாமா என்னைப் பார்த்தார். இரும்புக் கையைப் பார்த்தார். விரலால் அளந்தார். “கால் ஜாண் மேல இருக்கிறது கால் ஜாண் கீழ போகும். மொத்தம் அரை ஜாண்...” என்று முணுமுணுத்தார். சட்டென்று எழுந்தார். “அக்கா, அந்தப் பெரிய ஸ்பானரை எடு!”

அதற்கப்புறம் யாருக்கும் அலுப்பு தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். எல்லோருக்கும் கை கால் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் செய்தோம். ட்ரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தோம். அங்கே செங்கல்லுக்கா பஞ்சம்? ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அதை இறக்கி, மூக்கை அதன் மேல் நிறுத்தினோம். அம்மா ஜீப்பை நான்கு அடி முன்னால் நகர்த்தினாள். மாமா இரும்புக் கையை உருவி எடுத்தார்.

இரும்புக் கையைத் திருப்பினால் குண்டு கீழே பார்க்கும்; அதனால் அதையும் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும். அதன் நட்டு அசையவே இல்லை. மாமா தொங்கினார். அசையவில்லை. ஸ்பானரின் வாலில் ஒரு குழாயைச் செருகி, மாமாவும் அம்மாவும் தொங்கினார்கள். அப்போதும் அசையவில்லை.

“இவ்வளவு இறுக்கமா யாருடா மாட்டினது?” என்று மூச்சு வாங்கினாள் அம்மா.

“நான்தான். நீதானே கெட்டியா மாட்டுன்னு சொன்ன!”

“தள்ளுங்க,” என்று செங்கல்காரர் வந்தார். நாள் முழுவதும் செங்கல் தூக்குகிற கை. மூன்று பேரும் சேர்ந்து ஒரு தம் பிடித்தார்கள். ‘க்ரீச்’ என்று நட்டு திரும்பியது.

இரும்புக் கையைத் தலைகீழாகச் செருகி, குண்டை மேல் பார்க்க வைத்து இறுக்கினார்கள். ஜீப் பின்னால் வந்தது. ட்ரெய்லரின் மூக்கு குண்டின் மேல் உட்கார்ந்தது. சங்கிலியை மாட்டி, விளக்குக்கான வயரைச் செருகி, செங்கற்களை எடுத்தோம். நான் பாட்டிலைத் தரையில் படுக்க வைத்தேன்.

உருளவில்லை. அம்மா குனிந்து அதை விரலால் ஒரு தட்டு தட்டினாள். கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது.

செங்கல்காரர் சண்டியிடம் போனார். இந்தத் தடவை கயிற்றைப் பிடிக்கவில்லை. அடித்த இடத்தை உள்ளங்கையால் தடவினார்.

“வலியில நின்னுருக்க. எனக்குப் புரியல. என்னை மன்னிச்சிடு,” என்றார். பிறகு அவர் முன்னால் நடந்து ட்ரெய்லருக்குள் போய் நின்றுகொண்டு, “வா,” என்றார்.

முன்னங்கால் ஒன்று. அடுத்தது. சண்டி நின்றது. அது தலையைத் தாழ்த்தித் தரையை மோந்து பார்த்தது. நல்ல பின்னங்காலை உள்ளே வைத்தது. வலிக்கிற காலை நுனியால் தொட்டுப் பார்த்தது. நடுக்கம் இல்லை. இன்னும் ஓர் அடி வைத்து, அவர் தோளில் தாடையைச் சாய்த்து நின்றது.

“கதவைச் சாத்து. மெதுவா. சத்தம் வரக் கூடாது,” என்று அம்மா கிசுகிசுத்தாள்.

மணி பதினொன்றரை.

திரும்பும் வழியில் ட்ரெய்லர் வாலாட்டவில்லை. செங்கல்காரர் ட்ரெய்லரிலேயே சண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். ஆற்றில் அம்மா தவழ்கிற குழந்தை மாதிரி வண்டியை ஓட்டினாள். மாமா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். வின்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மருத்துவமனை வாசலில் நின்றபோது மணி ஒன்று நாற்பது. டாக்டர் அம்மா தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தார். சண்டியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

“உள்ள கொண்டு வாங்க. பஸ் போனா அடுத்த பஸ்,” என்றார்.

கதவு மூடியது. வெளியே ஒரு நீள பெஞ்சு. நாங்கள் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷத்தில் மாமாவின் தலை சரிந்து அம்மாவின் தோளில் விழுந்தது. அம்மாவின் தலை சுவரில் சாய்ந்தது. செங்கல்காரர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நான்கு இரவு விழித்தவர். எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? அவருக்கும் கண் மூடிக்கொண்டது. மூன்று பேரும் மூன்று ராகத்தில் குறட்டை விட்டார்கள்.

எனக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஆனால் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டாமா? தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பெஞ்சைப் பார்த்துவிட்டு, “இங்க பொறுப்பான ஆளு யாரு?” என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். “நான்தான்.”

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. பெரியவர்களிடம் சொல்வது போலவே சொன்னார். “சீழ் எல்லாம் எடுத்தாச்சு. எலும்புக்குப் போகல. நாளைக்கு வந்திருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. கட்டுப் போட்டிருக்கேன், மூணு வாரம் வேலை வாங்கக் கூடாது. இப்ப போய்ப் பாக்கலாம்.”

அம்மாவையும் மாமாவையும் பார்த்தேன். எழுப்ப மனசு வரவில்லை. தூங்கட்டும். செங்கல்காரரின் முழங்கையை மட்டும் மெதுவாகத் தொட்டேன்.

“தாத்தா.”

அவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

“சண்டி நல்லா இருக்கு தாத்தா. கட்டுப் போட்டிருக்காங்க. நிக்குது.”

“எத்தனை கால்ல?”

டாக்டர் அம்மாவுக்குப் பின்னால், பாதி திறந்த கதவின் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளைக் கட்டுப் போட்ட காலும் தரையில் ஊன்றி இருந்தது.

“நாலுலயும்,” என்றேன்.

அவர் துண்டால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தார். பெஞ்சில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடாமல், நாங்கள் இருவரும் நுனிக்காலில் நடந்து உள்ளே போனோம்.